மலைநீர் சேரும் பந்தர்

உளுந்தூர்பேட்டையைப் பற்றி வெளியூரார் அறிந்ததெல்லாம், அது சாலைகள் கூடிப் பிரியும் ஓர் இடம் என்பதே. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் தேநீருக்கு இறங்கிக் கால் நீட்டிக்கொள்வதும், சேலத்துக்குப் போகிறவர்கள் மேற்கே திரும்புவதும், விருத்தாசலத்துக்காரர்கள் தெற்கே ஒதுங்குவதும் இங்கேதான். ஆனால் இத்தார்ச்சாலைகள் உண்டாவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பிரதேசத்துக்கு வேறொரு வழி இருந்தது. அது நீர் போகிற வழி. மேற்கே கல்வராயன் மலையில் பெய்கிற மழை மணிமுத்தாறாகவும் கோமுகியாகவும் இறங்கி, கள்ளக்குறிச்சிச் சீமையின் வயல்களை நனைத்து, வழியில் ஒன்றாகி, விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரர் சந்நிதியைத் தொட்டுக்கொண்டு போய் வெள்ளாற்றில் கலந்து, முடிவில் வங்கக் கடலை அடைகிறது. அவ்வாறு அடைகிற முகத்துவாரத்தின் வடகரையில் இருக்கிற சிற்றூர் பரங்கிப்பேட்டை. எங்கள் பக்கத்து ஜனங்கள் சிதம்பரத்துக்குப் போவார்கள், பிச்சாவரத்துக்குப் படகேறப் போவார்கள். இரண்டுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்தப் பழைய பந்தரை, அதாவது துறைமுகத்தை, எட்டிப் பார்த்தவர்கள் சொற்பம்.

இதைப் போலவே பலரும் எட்டிப் பாராத ஊராக, கிரீஸ் தேசத்தின் வடகிழக்கு மூலையில் திரேஸ் என்னும் பிராந்தியத்தில் கொமொதினி என்றொரு மாகாண நகரம் இருக்கிறது. ஏதென்ஸின் பளிங்குத் தூண்களைக் காணப் போகிற யாத்திரிகர் அங்கே போவதில்லை. போனவர்களோ, ஒரே கடைவீதியில் கிரேக்கரும், துருக்கியரும், பொமாக் என்னும் மலைவாசி முஸ்லிம்களும், ரோமாக்களும் பேரம் பேசுவதையும், மாதாகோயில் மணியோசையும் பள்ளிவாசல் பாங்கொலியும் அடுத்தடுத்து எழுவதையும், உதுமானியர் காலத்து மணிக்கூண்டு இன்றும் நேரம் காட்டுவதையும் கண்டு வியக்கிறார்கள். அந்த வியப்புக்குக் காரணம் உண்டு. 1923-ஆம் வருஷம் லொசான் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, துருக்கியிலிருந்து பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாத கிறிஸ்தவர்களும், கிரீஸிலிருந்து நாலு லட்சம் அளவில் முஸ்லிம்களும், பிறந்த மண்ணை விட்டு மாற்றப்பட்டார்கள். மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் கான்ஸ்டான்டிநோபிளின் கிரேக்கர்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே கொமொதினியின் பன்மை ஒரு பத்திரத்தின் ஷரத்தினால் பிழைத்த பன்மை. பரங்கிப்பேட்டையின் பன்மைக்கோ எந்த ராஜ்யமும் எந்த ஷரத்தும் எழுதவில்லை. துணியும், ஆறும், கடற்காற்றும் சேர்ந்து அதை உண்டாக்கின; ஊரை ஆண்டவர்களெல்லாம் போன பிறகும் அது நிற்கிறது. இவ்விரண்டில் எது உறுதியானது என்பதைச் சரித்திரம் இன்னும் சிறிது காலம் கழித்துச் சொல்லட்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதி செஞ்சி நாயக்கர் ஆளுகையில் இருந்தது. 1597-இல் செஞ்சிக்கு வந்த பிமென்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், அங்கே கிருஷ்ணப்ப நாயக்கரின் வைபவத்தைக் கண்டதையும், சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சந்நிதித் திருப்பணியைத் தடுக்கும்பொருட்டுத் தீட்சிதர்கள் கோபுரத்தின் மேலிருந்து விழுந்து உயிர்விட்டதையும் கடிதங்களில் எழுதிவைத்தார். நாயக்கர் வெள்ளாற்றுப் பக்கத்தில் தம் பெயரால் ஒரு பட்டணம் அமைக்க முயன்றதும் அக்கடிதங்களிலிருந்தே தெரிகிறது. அவருடைய அனுமதியின் நிழலில் போர்த்துக்கீசியர் இங்கே குடியேறினர். அவர்கள் அதைப் போர்ட்டோ நோவோ என்றார்கள். நம்மவர் அவர்களையே பரங்கியர் என்றமையால் ஊரைப் பரங்கிப்பேட்டை என்றார்கள். பின்னர் வந்த முகலாய உத்தியோகஸ்தர்கள் தஸ்தாவேஜுகளில் மஹ்மூது பந்தர் என்று பதிந்தார்கள். அவரவர் சூட்டிய பெயரில் அவரவர் கணக்கெழுதினார்கள். சரக்கு என்னவோ ஒன்றுதான்.

அதன் பிறகு நடந்த ஆட்சி மாற்றங்களை விரித்தெழுதப் புகுந்தால் வாசகருக்கு அலுப்புத் தட்டும். பீஜப்பூர்ப் படை செஞ்சியைக் கைக்கொண்டது. 1677-இல் சிவாஜி வந்தார். 1698-இல் ஜுல்பிகார் கான் முகலாயருக்காகக் கோட்டையைப் பிடித்தார். அதற்குப் பின் ஆர்க்காட்டு நவாபுகள் வந்தனர். இதற்கிடையில் டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே பண்டகசாலை போட்டது. செஞ்சியில் கொடி மாறும்போதெல்லாம் பரங்கிப்பேட்டையில் சுங்கம் வாங்குகிறவன் மாறினான். தறியில் உட்கார்ந்திருந்தவனும் சாயத்தொட்டியில் கை நனைத்தவனும் மாறவில்லை. தென்னார்க்காட்டில் விளைந்த அவுரியின் சாயத்தில் தோய்ந்த நீலத்துணி இவ்வூரின் விசேஷச் சரக்கு. புதுச்சேரியில் லெனுவார் கவர்னராயிருந்த காலத்தில், பிற்காலத்தில் தினப்படி சேதிக்குறிப்பினால் புகழ்பெற்ற ஆனந்தரங்கம் பிள்ளை, தமது வாலிபப் பிராயத்தில் இங்கேயிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையை மேற்பார்த்து, இந்த நீலத்துணி வியாபாரத்தை விருத்தி செய்தார் என்பது சரித்திரம்.

கம்பெனிகளின் கதை சீமையிலிருந்து வந்த காகிதங்களில் இருப்பதால் அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. உண்மையில் இந்த ஊரை ஊராக்கியவர்கள் மரக்காயர்கள். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, அதை அரபு லிபியிலும் எழுதி, சொந்த மரக்கலங்களில் துணியேற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா, பெகு, சயாம் என்று கீழ்க்கடல் முழுவதும் போய், மிளகும் ஈயமும் யானையும் ஏற்றிக்கொண்டு திரும்பிய அவர்களை அக்கடற்கரைகளில் ‘சூலியா’ என்று அழைத்தார்கள். டச்சுக்காரர்கள் அவர்களைப் போட்டியாளர்களாகவே கருதினார்கள். அனுமதிச் சீட்டு என்னும் பெயரால் அவர்களுடைய கப்பல்களுக்குக் கடிவாளம் போடப் பார்த்தார்கள். ஆயினும் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவர்களுடைய கப்பல் வர்த்தகம் அறுந்துபோகவில்லை. 1801-இல் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1826-இல் சிங்கப்பூரில் எழுந்த ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், இக்கடற்கரையிலிருந்து சென்றவர்களின் வம்சம் அங்கே வேரூன்றியதற்குச் சாட்சி.

பணம் சேர்ந்த இடத்தில் தமிழும் சேர்ந்தது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்கியபோது ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் காலமான பின் புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் என்பது இலக்கிய வரலாறு கூறும் செய்தி. நபிகள் நாயகத்தின் சரிதத்தைத் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டு வளமும் நகர வளமும் சொல்லித் தொடங்கிய அந்தப் பெருநூலின் பின்னால் ஒரு கப்பல் வியாபாரியின் கைப்பொருள் இருந்தது என்பதை, நமது பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்காகவே இவ்வூருக்கு ஒருமுறை போய்வரலாம் என்பேன்.

போனால் காணவேண்டியவை தர்காக்கள். கலைநோக்குடன் வருகிறவர்கள் ஏமாறக் கூடும். தில்லி, பீஜப்பூர் கட்டடங்களின் கம்பீரம் இவற்றுக்கு இல்லை. வெள்ளையடித்த சுவர், பச்சைப் போர்வை, ஊதுவத்திப் புகை, காணிக்கைப் பெட்டி, வாசலில் இரண்டு வேம்பு: இவ்வளவே. நபிகளின் தோழரான உக்காஷா அவர்கள் இங்கே அடங்கியிருக்கிறார் என்ற நம்பிக்கையால் தூரதேசத்தாரும் வருகிறார்கள். என் மனத்தைக் கவர்ந்தவையோ மற்ற சில. 1906-இல் தென்னார்க்காட்டு ஜில்லா கெஜட்டியரைத் தொகுத்த பிரான்சிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, வரிக்கணக்கும் மழைக்கணக்கும் எழுதவேண்டிய புஸ்தகத்தில் இடம் ஒதுக்கி இவற்றின் கதைகளைக் குறித்துவைத்தார். அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும்.

முதலாமவர் மாலுமியார். அவர் தம் காலத்தில் பேர்பெற்ற கப்பல் தலைவராயிருந்தவர்; பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் அவருக்குச் சொந்தம்; அத்தனை கப்பல்களிலும் ஒரே சமயத்தில் அவரே தலைவராய் நின்று செலுத்துவதைக் கண்டவர்கள் உண்டு என்பது ஐதீகம். கடலில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அவுலியா வேறெவர் கிடைப்பார்? பிரயாணம் புறப்படுகிற மாலுமிகளும் சேமமாய்த் திரும்பியவர்களும் அவருடைய தர்காவின் சிறு பெட்டியில் காணிக்கை போடுவதும், அக்காசு விளக்கெண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும் செலவாவதும் அக்காலத்து வழக்கம்.

இரண்டாமவர் அரைக்காசு நாச்சியார். இந்த அம்மையாருக்குச் செலுத்தும் காணிக்கை ஒரு தம்பிடிக்கு, அதாவது ரூபாயில் 192-இல் ஒரு பங்குக்கு, மேற்படக் கூடாது, மேற்பட்டால் பலியாது. செல்வர்கள் பெருங்காணிக்கை நேர்ந்து, வேண்டியது நடவாமல் வெட்கி, மறுபடி வந்து அந்த அற்பக் காசைச் செலுத்திய பிறகே வரம் பெற்றதாகக் கதைகள் வழங்கின. அத்தனை சிறிய காசுக்குக் காணிக்கையாகச் சர்க்கரை கிடைக்காதபோது பக்தர்கள் சுண்ணாம்பு வாங்கிச் சமாதிக்குப் பூசிவிடுவார்களாம்; ஆகையால் அந்தச் சமாதி மேல் சுண்ணாம்பு அடை அடையாக ஏறிப் பருத்துப்போயிருந்ததென்று கெஜட்டியர் கூறுகிறது. வர்த்தகர்கள் நிறைந்த துறைமுகத்தில், ஊரே விலைவாசியிலும் லாப நஷ்டத்திலும் மூழ்கிக்கிடக்கையில், பணத்துக்கு மசியாத ஒரு நாச்சியாரை அந்த ஜனங்கள் தமக்கென்று வைத்துக்கொண்டது எவ்வளவு நுட்பமான காரியம்! அந்தத் தம்பிடி நாணயம் செலாவணியிலிருந்து மறைந்து வெகுகாலமாகிறது. பத்து ரூபாய்க்குக் குறைந்த எதையும் உண்டியலில் போடக் கூசுகிற இக்காலத்தவர் அம்மையாரின் நியமத்தை எவ்விதம் அனுசரிப்பார்கள் என்பது தர்மசாஸ்திரிகளும் மவுலவிகளும் கூடி ஆராயத்தக்க விஷயம்.

பெரிய பள்ளிவாசலின் பின்புறத்தில் ஒன்றுக்கொன்று கோணலாக அமைந்த இரண்டு சமாதிகளுக்கும் ஒரு கதை உண்டு. ஹாபிஸ் மீர் சாகிபு என்ற மகானுக்கு சையத் ஷா என்றொரு சீடர். குருவின் பாதத்தடியில் அடங்கவேண்டும் என்பது சீடரின் ஆசை. சீடர் முந்திக்கொண்டார், சில காலம் கழித்துக் குருவும் காலமாகவே, அவருடைய பாதம் சீடரின் தலைக்கு நேராக வரும்படி அடக்கம் செய்தார்கள். ஆனால் சீடரே தம்மினும் பெரியவர் என்று உணர்ந்த குரு, அவருடைய தலைமாட்டில் தம் பாதம் இருக்கப் பொறாமல், தம் சமாதியையே திருப்பிக்கொண்டார் என்கிறார்கள். சுவாமிமலையில் தகப்பனுக்கு உபதேசித்த பிள்ளையை வைத்துக் கும்பிடுகிற நாட்டில் இந்தக் கதை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

இத்தகைய ஊரில் யுத்தமும் நடந்தது. 1781 ஜூன் மாதத்தில், மைசூர் ஹைதர் அலியின் ஆட்கள் காவல் காத்த சிதம்பரம் கோயிலை, அப்போது அது ஒரு கோட்டையாகவே இருந்தது, தாக்கித் தோற்ற ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், உணவுக்குக் கப்பல்களையே நம்பிப் பரங்கிப்பேட்டைக் கரையில் ஒதுங்கியிருந்தார். கூடலூருக்குப் போகும் வழியை ஹைதர் பெரும்படையுடன் அடைத்துக்கொண்டார். ஜூலை முதல் தேதி, சுமார் எட்டாயிரம் பேருடன் புறப்பட்ட கூட், கடலோர மணல்மேடுகளுக்கிடையே தம் பீரங்கிகளைக் கொண்டுவருவதற்காக ஹைதர் வெட்டியிருந்த பாதையைக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே பக்கவாட்டில் புகுந்தார்; கடலில் நின்ற ஒரு சிறு கப்பலும் கரையை நோக்கிச் சுட்டது. மைசூர்ச் சரித்திரம் எழுதிய வில்க்ஸ் ஒரு காட்சியைக் கூறுகிறார். ஒரு மேட்டின் மேல் முக்காலியில் சம்மணமிட்டு அமர்ந்திருந்த ஹைதர், சேனை முறிந்தும் எழுந்திருக்க மறுத்துத் திட்டிக்கொண்டிருக்க, நெடுநாள் பழகிய குதிரைக்காரன் ஒருவன் உரிமையுடன் அவர் காலைப் பிடித்திழுத்துச் செருப்பை மாட்டி, நாளைக்கு ஜெயித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் குதிரையில் ஏற்றி அனுப்பினானாம். ஆங்கிலேயர் இதைத் தங்கள் ராஜ்யத்தைக் காத்த யுத்தங்களில் ஒன்றாக எண்ணினார்கள். ஊராருக்கு மிச்சமானது கொள்ளையும் பஞ்சமும்.

வென்றவர்களின் காலத்தில் இவ்வூர் இன்னொரு விசித்திரத்தையும் கண்டது. சென்னை சிவில் உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், சேலம் சீமையின் இரும்புக் கல்லையும் நம் கொல்லர்கள் களிமண் உலையில் உருக்குகிற உருக்கின் தரத்தையும் கண்டு மோகித்து, உத்தியோகத்தை உதறி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறைப்படி ஓர் இரும்பு ஆலை நிறுவினார். இந்தியாவிலேயே அவ்வகைப் பெருமுயற்சிகளில் இது மிக முந்தியவற்றுள் ஒன்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலும் கல்வராயன் மலைச்சாரலிலும் சிற்றுலை வைத்து இரும்பு உருக்கியவர்கள் வெகுகாலமாக இருந்தார்கள். அவர்கள் துருத்தி மிதித்துச் செய்ததை ஹீத் இராட்சத உலைகளில் செய்யப் பார்த்தார். கல் சேலத்திலிருந்து நெடுந்தூரம் வரவேண்டும், எரிபொருளோ மரக்கரி. தென்னார்க்காட்டுக் காடுகள் உலைக்கு இரையாக ஆக, கரி வருஷத்துக்கு வருஷம் தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று, கூலி ஏறியது, கடன் ஏறியது. இங்கே வார்த்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், 1850-இல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கும் பயன்பட்டதென்று சொல்லப்படுகிறது. ஹீத்தோ, மாங்கனீஸ் சேர்த்து நல்ல உருக்குச் செய்யும் முறைக்கு 1839-இல் உரிமைச் சாசனம் பெற்றும், ஷெபீல்டு ஆலைக்காரர்கள் அதைத் தந்திரமாய்க் கையாண்டு கொழிக்க, தாம் வழக்காடியே மாண்டார். கம்பெனி கைமாறி, நொடித்து, 1870-களில் முற்றிலும் கலைந்தது. காடழிந்ததற்கு மட்டும் எவரும் நஷ்டஈடு வழக்குப் போடவில்லை.

ஆலை போயிற்று, ஆற்றுவாயில் மணல் மேடிட்டுப் பெரிய கப்பல்களும் போயின, ரயில் வந்தபின் கூடலூரும் நாகையும் சென்னையும் வியாபாரத்தை இழுத்துக்கொண்டன. இன்று இது ஒரு பேரூராட்சி. மீன் துறை இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஆற்றங்கரையில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் அனுப்புகிற பணத்தில் பழைய ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகின்றன. மரக்காயத் தெருவைத் தாண்டினால் சிவன் கோயில் தெரு, அப்பால் மாதா கோயில், அப்பால் செம்படவர் குப்பம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கிக் குப்பங்களை வாரிக்கொண்டு போனபோது, உயிர் தப்பி ஓடிவந்த மீனவர்களுக்கு இவ்வூர் ஜமாஅத்தார் பள்ளியிலும் மண்டபத்திலும் இடம் கொடுத்து நாள்கணக்காகச் சோறு பொங்கிப் போட்டார்கள்; பிரேதங்களை எடுத்து அடக்கம் செய்யவும் முன்நின்றார்கள். அதைப் பற்றிக் கேட்டால் ஊரார் அதிகம் பேசுவதில்லை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் குடமெடுத்து ஓடுவதற்கு என்ன பெருமை என்பது போல வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மாசி மகத்தன்று போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக வெள்ளாற்றுக்குத் தெற்கே கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பன்றி வடிவெடுத்த பெருமாள் அவர். எதிர்கொண்டு நிற்பவர்களோ கிள்ளைத் தைக்காலின் முஸ்லிம்கள். அதிலுள்ள முரணை வெளியூரார்தான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அவ்வூர்த் தர்கா சார்பில் பட்டும் தேங்காய் பழமும் சமர்ப்பிக்கப்படுகின்றன. பெருமாள் சூடிய மாலையும் பிரசாதமும் தர்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கே பாத்திஹா ஓதப்படுகிறது. நவாபு ஆட்சியில் இந்த உற்சவத்துக்கு நிலம் விடப்பட்டதென்று இருசாராரும் சொல்லுகிறார்கள்; இது சம்பந்தமாக உப்பு வெங்கட்ராயர் என்ற அக்காலத்து உத்தியோகஸ்தர் பெயரும் அடிபடுகிறது. யார் முதலில் யாருக்கு உபகாரம் செய்தார் என்பதில் மட்டும் சொல்லுகிறவரைப் பொறுத்துக் கதை சிறிது மாறும்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து போகிறவர்கள் விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் வழியாகச் சிதம்பரம் போய் அங்கிருந்து நகரப் பேருந்தில் ஏறுவது உத்தமம். மகத்தன்று மட்டும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு அப்பால் பெருமாளே சாலையை எடுத்துக்கொண்டுவிடுவதால், விடியுமுன் கிளம்பவேண்டும்.